யி காப்பியங்களில் எதை எண்ணலாம், எதை எண்ணினால் ஏமாறுவோம்?

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது: தென்மேற்குச் சீனாவின் யி மக்களின் பழங்காப்பியங்களை அளவுசார் மொழியியல் (மொழியை எண்ணி ஆராயும் துறை) கொண்டு ஆராய ஆசை, பைத்தான் நிரல்மொழி தெரியும், யி மொழி தெரியாது, கையில் ஒரு காப்பியத்தின் சீன மொழிபெயர்ப்பு கோப்பாக இருக்கிறது, சிப்ஃ விதி (ஒரு சொல் வரும் எண்ணிக்கை அதன் தரவரிசைக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் குறையும் என்பது), மென்சராத் விதி (நீண்ட அமைப்பின் உறுப்புகள் குறுகும் என்பது) இரண்டும் அதில் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டால் ஆய்வு ஆகிவிடுமா? இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்தப் பனுவலை எண்ணுவது என்பது ஒன்று. எண்ணி வரும் எண் பாட்டைப் பற்றிப் பேசுகிறதா, எண்ணும் முறையைப் பற்றியே பேசுகிறதா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதைத் தொடவே முடியாது.

கையில் உள்ள சீனக் கோப்பை ஒதுக்கி வையுங்கள். மொழிபெயர்ப்பை எண்ணினால் கிடைப்பது சீன மொழியின் புள்ளிவிவரம். அடியின் நீளம், சொல் திரும்பி வரும் விதம், தொனி (சொல்லின் பொருளையே மாற்றும் குரல் உயரம்) எல்லாமே மொழிபெயர்த்தவரின் கைவேலை. அதோடு, 1950களில் அச்சான பல யி பாடல்கள் ஒருவர் பாடியதன் பதிவு அல்ல. யி மக்களில் ஒரு பிரிவான சானி மக்களின் 'அஷிமா' நல்ல சான்று: 1953இல் யுன்னானில் ஒரு குழு 20 வேற்றுப் பாடங்களைத் திரட்டியது, அவற்றைக் கலந்து ஒரே கதைப்பாட்டாக்கி 1954இல் வெளியிட்டார்கள். அந்தப் பதிப்பில் சொல்வளம் எவ்வளவு என்று கணக்கிட்டால், அது எந்தப் பாடகரின் சொல்வளம்? 20 பாடங்களின் கலவை, பதிப்பாசிரியர்களின் தேர்வு, சீன மொழியின் வசதி மூன்றும் சேர்ந்த எண் அது. பாமோ சூபுமோ என்ற யி ஆய்வாளர் இந்தப் பழக்கத்தையே கடுமையாக விமர்சித்திருக்கிறார். வாய்மொழி மரபை ஒரு வார்ப்பில் ஊற்றி எடுப்பதால் நிகழ்த்தியவர், இடம், சடங்கு எல்லாம் பனுவலிலிருந்து கழன்றுவிடுகின்றன என்பது அவர் வாதம். எண்ணுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை. மொழிபெயர்ப்பு முற்றிலும் வீண் என்று சொல்லமாட்டேன். எந்த நிகழ்ச்சிக்குப் பின் எந்த நிகழ்ச்சி, எத்தனை பட்டியல்கள், எந்தப் பெயர்கள் என்பவற்றை அதிலிருந்து குறித்துக்கொள்ளலாம். அடிக்குக் கீழே இறங்கும் எந்தக் கணக்குக்கும் அது உதவாது.

அடுத்தது, 'யி காப்பியம்' என்று ஒரே பொருள் கிடையாது. சீனாவின் 2020 மக்கள்தொகைக் கணக்கில் யி என்று பதிவானவர்கள் ஏறக்குறைய 98 லட்சம் பேர். சிச்சுவான், யுன்னான், குய்சோ, குவாங்சி பகுதிகளில் பரவியிருக்கிறார்கள். திபெத்திய-பர்மியக் குடும்பத்தில் ஒரு கிளையைச் சேர்ந்த இவர்கள் பேச்சுகளில் பல ஒன்றுக்கொன்று புரியாதவை. 'மெய்கெ', 'சாமு' யுன்னானின் சூசியோங் பகுதிக்குரியவை. அஷி என்ற யி பிரிவினரின் 'சியன்ஜி' வேறு. லியாங்ஷானில் வாழும் நோசு மக்களின் 'ஹ்னெவோ தெப்யி' வேறு. இந்த நான்கையும் ஒரே கோப்பில் கொட்டி 'யி காப்பிய மொழி' என்று எண்ணுவது, மூன்று நான்கு மொழிகளின் சராசரியை எடுப்பதாகும். தொடங்குகிறவருக்கு நான் பரிந்துரைப்பது நோசு. காரணம் இலக்கியத் தரம் அல்ல, வசதி. நோசு எழுத்து மட்டுமே இன்று யூனிகோடில் முழுமையாக இருக்கிறது. மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்கிறது. மார்க் பெண்டரும் நோசு கவிஞர் ஆகு வுவுவும் சேர்ந்து 2019இல் வாஷிங்டன் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக வெளியிட்ட 'ஹ்னெவோ தெப்யி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ஜ்ஜிவோ சோசு என்ற மரபறிஞர் எழுதித் தந்த ஒரே பாடத்தின் மேல் நிற்கிறது. பல பாடங்களைக் கலந்த பதிப்பை எண்ணுவதற்கும், ஒருவர் தந்த பாடத்தை எண்ணுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது.

பாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் எண்கள் ஏன் அப்படி வருகின்றன என்று புரியும். வானும் மண்ணும் பிரிவது, நெசவு செய்துகொண்டிருந்த பெண்மேல் கழுகின் இரத்தத் துளிகள் விழ வீரன் ஜிகெ ஆலு பிறப்பது, அவன் வானில் எரிந்த ஆறு ஞாயிறுகளையும் ஏழு நிலவுகளையும் எய்வது, பனியின் பன்னிரு வழித்தோன்றல்கள், பெருவெள்ளம், வெள்ளத்துக்குப் பின் பிறந்து பேச்சு வராதிருந்த மூன்று மகன்கள் மூங்கில் நெருப்பில் வெடிக்கும்போது மூன்று மொழிகளில் வாய் திறப்பது, பிறகு குஹோ, சோனி என்ற இரண்டு குலங்களின் நீண்ட வழிமுறைப் (வம்சாவளிப்) பட்டியல். பனியின் பன்னிருவரில் ஆறு இரத்தமில்லாதவை, ஆறு இரத்தமுள்ளவை. இரத்தமுள்ளவை தவளை, பாம்பு, கழுகு, கரடி, குரங்கு, மனிதன். கதை சொல்லும் பகுதி, பட்டியல் பகுதி, வழிமுறைப் பகுதி என மூன்று விதமான நடை ஒரே பாட்டில் இருப்பதைக் கவனியுங்கள். மொத்தமாக ஒரு சராசரி எடுத்தால் இந்த மூன்றில் எதையும் அது குறிக்காது.

இனி கோப்பு. லியாங்ஷானில் 1970களில் தரப்படுத்தி 1980இல் அரசு ஏற்ற எழுத்து, அசைக்கு ஓர் எழுத்து என்ற முறை. (இங்கே அசை என்பது ஒலியியல் அசை, நம் யாப்பின் நேரசை நிரையசை அல்ல.) அடிப்படை எழுத்துகள் 819; அவற்றில் சிலவற்றின் மேல் ஒரு வளைவு போட்டுப் பெறும் 345ஐயும் சேர்த்தால் 1164. யூனிகோடின் 3.0 பதிப்பில், 1999இல், இவை ஏ000 (A000) என்ற குறியெண் தொடங்கி இடம் பெற்றன. பைத்தானின் யூனிகோடு தரவு நிரலகத்தில் எழுத்தின் பெயரைக் கேட்டால், பெயரிலேயே ரோமன் எழுத்துப்பெயர்ப்பு இருக்கும். நோசு அசைகள் எல்லாம் உயிரில் முடிபவை; ஆகவே பெயரின் கடைசியில் டி, எக்ஸ், பி ஆகிய மூன்றில் ஒன்று நின்றால் அது தொனிக்குறிதான், மெய்யல்ல. டி உயர்தொனி, எக்ஸ் நடுத்தொனியிலிருந்து சற்றே ஏறுவது, பி தாழ்தொனி, எதுவும் இல்லாவிட்டால் நடுத்தொனி. பத்து வரி நிரலில் முழுக் காப்பியத்தையும் முதல்மெய், உயிர், தொனி என்று பிரித்துவிடலாம். மொழி தெரியாதவரும் பிழையில்லாமல் செய்யக்கூடிய வேலை இது.

பொறிகள் மூன்று உண்டு. ஏ015 என்ற இடத்தில் உள்ள குறியின் யூனிகோடு பெயர் 'வு' அசை என்று இருக்கிறது. உண்மையில் அது அசை அல்ல, முன் எழுத்தை இன்னொரு முறை படி என்னும் இரட்டிப்புக் குறி. பெயரில் பிழை நேர்ந்துவிட்டது. யூனிகோடில் பெயரை மாற்ற முடியாதென்பதால் சரியான பெயரை மாற்றுப்பெயராகச் சேர்த்திருக்கிறார்கள். இதைக் கவனிக்காத நிரல், இல்லாத ஒரு 'வு' அசையை அட்டவணையின் உச்சிக்கு ஏற்றிவிடும். எண்ணத் தொடங்குமுன் அந்தக் குறி வரும் இடமெல்லாம் முந்தைய எழுத்தைப் போட்டு நிரப்புங்கள். நிரப்பிய பிறகும் இரட்டிப்பை எல்லாம் கவித்துவம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோசுவில் ஆமா-இல்லையா என்று கேட்கும் வினாவே பயனிலையின் அசையை இரட்டித்துத்தான் அமைகிறது. பாட்டில் வினாவிடைப் பகுதி நிறைய என்றால் இரட்டிப்பும் நிறைய வரும், அது இலக்கணம்.

இரண்டாவது பொறி வளைவு. எக்ஸ் தொனி பல இடங்களில் சொல்லுக்கே உரியதல்ல. பக்கத்துச் சொல்லோடு சேரும்போது தொனி மாறி வந்தது. அதனால் ஒரே சொல்லின் ஒரே அசை ஓரிடத்தில் வளைவு இல்லாமலும் மற்றோரிடத்தில் வளைவோடும் எழுதப்பட்டிருக்கும். யூனிகோடில் வளைவுள்ள எழுத்து தனி எழுத்து. அதை அடிப்படை எழுத்து, வளைவு என்று இரண்டாகப் பிரித்துத் தரும் வசதி கிடையாது. ஆக நிரலுக்கு இரண்டும் வேறு வேறு. இதற்கு ஒரே தீர்வு, கணக்கை இருமுறை செய்வது: எழுதியபடியே ஒரு முறை, தொனியை முழுக்க நீக்கி ஒரு முறை. இரண்டிலும் நிலைக்கும் முடிவை நம்பலாம். ஒன்றில் மட்டும் வரும் முடிவுக்குப் பின்னால் தொனிமாற்ற விதி ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, பழைய எழுத்துருக்கள். யூனிகோடுக்கு முன் தட்டச்சான நோசு கோப்புகளைத் திறந்தால், நம் பாமினி கோப்பைப் போல, திரையில் வேறு எதுவோ தெரியும். மாற்றிய பின் அசைப் பட்டியலை 1164ஓடு ஒப்பிட்டு, பட்டியலில் இல்லாதது ஒன்றாவது தலைகாட்டினால் மாற்றி தவறு என்று முடிவு செய்யுங்கள். பிமோ என்னும் பூசாரிகளின் கைச்சுவடிகளில் இது இன்னும் சிக்கல்: ஓர் எழுத்துக்குப் பல வடிவங்கள், வட்டாரத்துக்கு ஒரு பழக்கம். சுவடியைத் தரப்படுத்திய எழுத்துக்கு மாற்றியவர் எடுத்த முடிவுகள் உங்கள் எண்ணிக்கைக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்டிருக்கும்.

இப்போது அலகு. என் கருத்தில் இந்த ஆய்வு முழுவதும் தொங்குவது இந்த ஒரு முடிவில்தான். அசை நிச்சயமானது, எழுத்தே அதைப் பிரித்துத் தருகிறது. அடி ஓரளவு நிச்சயமானது. அச்சில் பிரித்திருக்கிறார்கள், இணை அமைப்பும் துணை நிற்கிறது. சொல் நிச்சயமில்லாதது. எழுத்து சொல்லின் எல்லையைக் காட்டுவதில்லை. ஓரசைச் சொற்கள் சேர்ந்து இரண்டசையாகி, இரண்டும் இரண்டும் சேர்ந்து நான்கசைத் தொடராவது சாதாரணம். அந்த நான்கசைத் தொடர் ஒரு சொல்லா, இரண்டா, நான்கா? விடை எப்படி எடுத்தாலும் சொல்வளம், சிப்ஃ, மென்சராத் மூன்றும் சேர்ந்து மாறும். சொல்லை எண்ணியே ஆகவேண்டும் என்றால் விதிகளை முதலில் எழுதி வையுங்கள். நோசு தெரிந்த இருவர் தனித்தனியே 300 அடிகளைப் பிரிக்கட்டும். எல்லைகளில் அவர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கோகெனின் கப்பா அளவில் (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு ஒப்புதலை அளக்கும் எண்) சொல்லுங்கள். இந்த எண் இல்லாத சொற்கணக்கை நான் படிப்பதோடு சரி, மேற்கோள் காட்டமாட்டேன்.

அடி நீளத்திலிருந்து தொடங்குவது நல்லது. நோசு பாட்டில் ஐந்தசை அடிதான் பெரும்பான்மை. ஏழசையும் வரும், குறைந்தும் கூடியும் வரும். நீளப் பரவலை நிகழ்ச்சி வாரியாக வரையுங்கள். ஐந்திலிருந்து விலகும் அடிகள் எங்கே குவிகின்றன என்பதே முதல் பயனுள்ள விடை: பெயர்ப் பட்டியலிலா, பேச்சு தொடங்கும் இடத்திலா, பகுதி மாறும் இடத்திலா? இங்கே பனுவல் எப்படி வந்தது என்பதைக் குறிப்பது அவசியம். பாடும்போது வரும் அசைநிறைகளைச் சிலர் எழுதுவார்கள், சிலர் விட்டுவிடுவார்கள். திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் எதிரெதிரே நின்று போட்டியாகச் சொல்லும் வழக்கமும் உண்டு. மரபே 'கறுப்பு ஹ்னெவோ', 'வெள்ளை ஹ்னெவோ' என்று வேறுபடுத்துகிறது. இரண்டையும் கலந்தால் நீளப் பரவலில் தெரியும் இரட்டை முகட்டுக்கு மொழியில் காரணம் தேடி அலைய வேண்டிவரும்.

எண்ணுவதற்கு மிகவும் பலன் தருவது இணை அமைப்பு. அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே வார்ப்பில் நிற்பது இந்தப் பாட்டின் முதுகெலும்பு. நீளம் ஒத்த இரண்டு அடிகளை எடுத்து, ஒரே இடத்தில் ஒரே அசை எத்தனை முறை நிற்கிறது என்று எண்ணுவதுதான் அடிப்படை அளவு. கணக்கைக் காட்ட மட்டும் தமிழில் ஒன்று கட்டுகிறேன், சொல்லை அசையாக வைத்துக்கொள்ளுங்கள்: 'கிழக்கே ஆறு ஞாயிறு எழுந்து எரிந்தன / மேற்கே ஏழு நிலவு எழுந்து எரிந்தன'. ஐந்தில் இரண்டு ஒத்தவை, மதிப்பெண் 2. இது தற்செயலை விட அதிகமா? ஒவ்வோர் அசையின் பங்கையும் வர்க்கித்துக் கூட்டினால், தற்செயலாக இரண்டு இடங்கள் ஒத்துவரும் வாய்ப்பு கிடைக்கும். அது 0.02 என்று வைத்துக்கொண்டால் ஐந்து இடத்துக்கும் எதிர்பார்ப்பு 0.1, நம் 2 எங்கோ உயரத்தில். அவசரப்படக் கூடாது. அடியின் கடைசி இடத்தில் ஒரே இடைச்சொல் 30 விழுக்காடு அடிகளில் வந்தால், அந்த ஓரிடமே 0.09 தந்துவிடும். எனவே எதிர்பார்ப்பை இடம் வாரியாகக் கணக்கிடுங்கள். இன்னும் நேர்மையான வழி, ஒரே நிகழ்ச்சிக்குள் நீளம் ஒத்த அடிகளின் வரிசையை 1000 முறை கலைத்து, கலைத்த பாட்டில் வரும் மதிப்பெண்ணோடு ஒப்பிடுவது. நிகழ்ச்சியைத் தாண்டிக் கலைத்தால் பொருள் மாறுவதால் வரும் வேறுபாடு இணை அமைப்பின் பெயரில் கணக்கேறிவிடும்.

மேலே கட்டிய அடியில் இன்னொன்றும் தெரிகிறது. நிரல் ஐந்தில் இரண்டைத்தான் கண்டது. கேட்பவர் ஐந்தையும் இணையாகக் கேட்கிறார். கிழக்கு-மேற்கு, ஆறு-ஏழு, ஞாயிறு-நிலவு என வேறுபட்ட இடங்களே பாட்டின் சதை. ஆகவே ஒத்த இடங்களை எண்ணிவிட்டு நிற்காமல், வார்ப்பு ஒத்து நிற்க அதற்குள் மாறிவரும் அசை இணைகளைத் தனிப் பட்டியலாக எடுங்கள். அதே இணை வேறு நிகழ்ச்சிகளிலும் திரும்பத் திரும்ப வந்தால் அது மரபு கையில் வைத்திருக்கும் இணை. ஒரே இடத்தில் மட்டும் வந்தால் அந்த அடியின் தேவைக்குச் செய்தது. யி மொழி தெரியாத ஒருவர் முதல்நாளிலேயே எடுத்து, தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய்ப் பேசக்கூடிய பட்டியல் இது. அதோடு மூன்று மகன்களின் கதை போன்ற பகுதிகளில் ஒரு கண்ணியே மூன்று முறை வரும். அடுத்த அடியை மட்டும் பார்க்கும் அளவு இதைத் தவறவிடும். 1 அடி தள்ளி, 2 அடி தள்ளி என்று 40 அடி வரை ஒற்றுமையைக் கணக்கிட்டு வரைந்தால், கண்ணியின் நீளம் எவ்வளவோ அங்கே ஒரு முகடு எழும்.

வாய்பாட்டுத் தொடர்களுக்கு வருவோம். ஒரே யாப்பு நிலையில் ஒரே கருத்தைச் சொல்ல வழக்கமாகக் கையாளும் சொற்கூட்டம் என்று மில்மன் பாரி ஹோமரை வைத்து வரையறுத்தார். அதே அணுகுமுறையைச் சங்கப் பாடல்களில் க. கைலாசபதி 1968இல் செய்து காட்டியது தமிழ் வாசகருக்குத் தெரிந்ததே. நோசுவில் இதைக் கணினியால் எண்ணும்போது, மூன்றசை அல்லது அதற்கு மேற்பட்ட ஒரே தொடர் அடியில் ஒரே இடத்தில் குறைந்தது மூன்று முறை, குறைந்தது இரண்டு நிகழ்ச்சிகளில் வரவேண்டும் என்று வரம்பு வையுங்கள். 'இரண்டு நிகழ்ச்சிகளில்' என்ற நிபந்தனை இல்லாவிட்டால், இணையடிகளில் அருகருகே வரும் தொடரெல்லாம் வாய்பாடாகப் பெருகிவிடும். இணை அமைப்பு வேறு, வாய்பாடு வேறு. பல கட்டுரைகளில் இரண்டும் ஒரே எண்ணாகக் குழைந்து கிடக்கின்றன. வாய்பாட்டு அடர்த்தி அதிகம் என்பதால் பாட்டு அன்றே நாவில் இட்டுக்கட்டப்பட்டது என்று முடிவுகட்டவும் கூடாது. பிமோக்கள் எழுத்துச் சுவடி உள்ளவர்கள். எழுதி வைத்துப் படிக்கும் பனுவலிலும் வாய்பாடு தங்கும்.

ஐந்தசையின் உள்ளே இயல்பான முறிவு எங்கே விழுகிறது என்பதையும் எண்களால் தேடலாம். 1-2, 2-3, 3-4, 4-5 ஆகிய இடங்களின் அசைகள் ஒன்றையொன்று எவ்வளவு தீர்மானிக்கின்றன என்று பரஸ்பரத் தகவல் அளவால் பார்த்தால், பிணைப்பு தளரும் இடமே முறிவு. ஆனால் நூற்றுக்கணக்கான அசை வகைகளும் சில ஆயிரம் அடிகளும் மட்டுமே இருக்கும்போது இந்த அளவு எப்போதும் மிகைப்பட்டே வரும். ஓரிடத்தின் அசைகளைக் கலைத்து வரும் மதிப்பைக் கழித்த பிறகுதான் நான்கையும் ஒப்பிட வேண்டும்.

இனி விதிகள். சிப்ஃ விதியை அசை எண்ணிக்கையில் தேடுவது வேண்டாத வேலை. சொற்களின் கணம் திறந்தது, புதிது வந்துகொண்டே இருக்கும்; அசைகளின் கணம் 1164இல் மூடியது. அதனால் அடிக்கடி வருவது முதல் அரிதாக வருவது வரை அடுக்கிய தரநிலை வரைபடத்தின் வால் திடீரெனச் சரியும். பனுவல் வளர வளரப் புது வகைகள் தேங்கிப்போகும். இந்த வளைவைக் கண்டு 'யி காப்பியம் சிப்ஃ விதியை மீறுகிறது' என்று எழுதினால், எழுத்து முறையின் இயல்பைக் கண்டுபிடிப்பாக விற்றதாகும். சொல்லில் தேடினால் விதி ஏறக்குறைய பொருந்தும். எல்லா மொழியிலும் எல்லாப் பனுவலிலும் ஏறக்குறைய பொருந்தும் ஒன்று இந்தப் பாட்டைப் பற்றி அதிகம் சொல்லாது. செய்தே தீரவேண்டும் என்றால் இருபுற மடக்கைத் தாளில் நேர்க்கோடு இழுக்காமல், பெருமநிகழ்தகவு முறையில் (கையில் உள்ள தரவு வர மிக அதிக வாய்ப்புத் தரும் மதிப்பைத் தேடும் முறை) அடுக்கை மதிப்பிடுங்கள்.

மென்சராத் விதியில் உள்ள குழி இன்னும் ஆழம். ஒரு கட்டமைப்பு நீள நீள அதன் உறுப்புகள் சுருங்கும் என்பது விதி. அல்ட்மன் 1980இல் அதற்கு ஒரு சமன்பாடு தந்தார். அடி என்பது கட்டமைப்பு, சொல் உறுப்பு, சொல்லின் நீளம் அசையில் என்று வைத்து ஐந்தசை அடிகளில் சோதித்தால் அற்புதமாகப் பொருந்தும். இரண்டு சொல் உள்ள அடியில் சராசரிச் சொல் நீளம் 2.5, மூன்று சொல்லில் 1.67, நான்கில் 1.25, ஐந்தில் 1. பொருந்தாமல் எங்கே போகும்? ஐந்தை எண்ணிக்கையால் வகுத்ததுதான் அது. அடுக்கு துல்லியமாக -1 வரும், பொருத்தம் முழுமையாக இருக்கும், மொழியைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்காது. நீளம் நிலைத்த எந்த யாப்பிலும் இந்த விபத்து நேரும். அடி நீளம் நிலையாக இல்லாத உரைநடையிலோ, கண்ணி-அடி போன்ற மேல் மட்டத்திலோ மட்டுமே இந்தச் சோதனைக்கு அர்த்தம் உண்டு.

சொல்வளத்தை அளக்கையில், வேறுபட்ட சொற்களை மொத்தச் சொற்களால் வகுக்கும் எளிய விகிதம் பனுவல் நீளத்தைச் சார்ந்து விழுந்துகொண்டே போகும்; நீளம் வேறுபட்ட இரண்டு பகுதிகளை அதனால் ஒப்பிடக் கூடாது. 100 சொல் சாளரத்தை ஒவ்வொரு சொல்லாக நகர்த்திச் சராசரி எடுக்கும் முறையோ, யூலின் கே மதிப்போ (சொற்கள் திரும்பி வரும் அளவைக் காட்டும் எண்) பரவாயில்லை. ஆனால் வழிமுறைப் பகுதியைத் தனியே எடுத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். நோசு மரபில் தந்தை பெயரின் இறுதி, மகன் பெயரின் முதலாக நிற்கும்; தலைமுறை தலைமுறையாக அந்தாதித் தொடையாகவே ஓடும். இது ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: ஒருமுறை மட்டும் வரும் பெயர்களால் சொல்வளத்தை ஊதிவிடுகிறது, ஒவ்வோர் அசையையும் இருமுறை வரவைத்து அசைத் திரும்பலையும் ஊதிவிடுகிறது. இந்த அந்தாதியைக் கண்டுபிடிப்பது எளிது. ஓர் அடியின் இறுதி இரண்டசை அடுத்த அடியின் முதலில் நிற்கிறதா என்று பார்த்தாலே வழிமுறைப் பகுதி தொடங்கும் இடமும் முடியும் இடமும் தாமாகத் தெரிந்துவிடும். சங்கிலி அறும் இடங்களைக் குறித்து வையுங்கள். எழுதியவர் ஒரு தலைமுறையை விட்ட இடமாகவும் இருக்கலாம், மரபிலேயே பெயர் மாறிய இடமாகவும் இருக்கலாம்.

எந்த அளவையும் ஒற்றையாக வைத்துப் பேசக் கூடாது. காப்பியத்தில் இணை அமைப்பு அதிகம் என்றால், எதைவிட அதிகம்? நோசு பழமொழிகளும் இணையாகவே அமைகின்றன. 'அம்மாவின் மகள்' போன்ற புலம்பல் பாடல்களும் அப்படித்தான். குறைந்தது ஒரு பழமொழித் தொகுப்பு, ஒரு புலம்பல், இன்றைய நோசு உரைநடை கொஞ்சம், மூன்றையும் அதே நிரலில் ஓட்டினால்தான் காப்பியத்துக்கே உரியது எது, நோசு மொழிக்கே பொதுவானது எது என்று பிரியும். நம்பக இடைவெளி கணக்கிடும்போது அடிகளை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று எடுக்க வேண்டாம். இணையடிகள் தொடர்புடையவை என்பதுதானே நாம் சொல்லவருவது? நிகழ்ச்சியை ஓர் அலகாக எடுத்து மறுமாதிரி செய்யுங்கள்.

இந்த எண்களால் சொல்ல முடியாதவை உண்டு. பாட்டு எந்த நூற்றாண்டில் பிறந்தது என்பதைச் சொல் எண்ணிக்கையிலிருந்து பெற முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் தன் நாக்கில் புதுக்கிய பனுவலுக்கு ஒற்றைப் பிறந்தநாள் இல்லை. 'மூலப்பாடம்' எது என்ற கேள்வியும் அப்படியே. நடையியல் அளவைகளால் ஆசிரியரைத் தேடுவதற்குச் சில ஆயிரம் சொற்களாவது உள்ள, ஆள் தெரிந்த மாதிரிகள் பல தேவை. இங்கே கிடைப்பது பாடகரின் வேறுபாடா, சடங்கின் வேறுபாடா, எழுதியவரின் வேறுபாடா என்று பிரிக்க வழி இருக்காது. ஒரே மாவட்டத்தில், ஒரே சடங்கில், இரண்டு பாடகர்கள் அதே நிகழ்ச்சியைச் சொன்ன பதிவுகள் கிடைத்தால் மட்டும் பாடகர் வேறுபாடு பற்றி எச்சரிக்கையோடு வாய் திறக்கலாம்.

மொழி தெரியாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நேர் விடை: அசை, தொனி, அடி நீளம், இணை மதிப்பெண், அந்தாதி இவை வரை தனியே போகலாம். சொல், வாய்பாட்டின் பொருள், இணைகளின் விளக்கம் இவற்றுக்கு நோசு அறிந்தவர் உடனாசிரியராக வேண்டும். செங்துவில் உள்ள தென்மேற்கு மின்சு பல்கலைக்கழகத்தில் யி மொழி அறிந்த ஆய்வாளர்களைத் தேடலாம். பிமோவின் சடங்குப் பனுவல்களைக் கோப்பாக்கி இணையத்தில் போடுவதற்கு முன் கொடுத்தவரிடம் தனியாகக் கேட்க வேண்டும். எண்ணிக்கை அட்டவணையை வெளியிடுவதும் பனுவலையே வெளியிடுவதும் ஒன்றல்ல.

தொடங்குவதற்கு முழுக் காப்பியமும் வேண்டாம். ஆறு ஞாயிறு ஏழு நிலவுப் பகுதியையும், வழிமுறைப் பகுதியில் ஒரு துண்டையும் எடுத்து, அடிக்கு ஒரு வரிசை என்று அட்டவணை போடுங்கள்: அடி எண், நிகழ்ச்சி, பாடம் தந்தவர், சடங்கு, யி எழுத்தில் அடி, ரோமன் எழுத்துப்பெயர்ப்பு, தொனி நீக்கிய வடிவம், அசை எண்ணிக்கை, இரட்டிப்புக் குறி இருந்ததா, முந்தைய அடியோடு இணை மதிப்பெண், அந்தாதி உண்டா. இரண்டு பகுதிகளுக்கும் இணை மதிப்பெண்ணும் அந்தாதி விகிதமும் தெளிவாக வேறுபட்டு வரவேண்டும். வரவில்லை என்றால், முதலில் இரட்டிப்புக் குறியைச் சரியாக நிரப்பினீர்களா என்று பாருங்கள். அடுத்து அச்சில் இரண்டு அடிகள் ஒரே வரியாக ஒட்டிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள்.